தெர்மோகோல் சனியா, ஏரிக்கரைக் கடுகா?

என் மகளின் ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் சூரியக் குடும்பத்தில் தொடங்கியது. அந்த ஒரு பாடத்துக்காக ஜூனில் ஆரம்பித்து ஜனவரிக்குள் ஒரு சார்ட், ஒரு தெர்மோகோல் மாதிரி, இரண்டு செயலிகள், கோளரங்கத்துக்கு ஒரு பயணம், ஒரு தொலைநோக்கி, கடைசியாக ஒரு கால்பந்தும் சமையலறை டப்பாக்களும் என்று எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. இப்போது அண்ணன் தன் மகனுக்காகக் கேட்கிறார், எதை வாங்கட்டும் என்று. போனில் அவசரமாகச் சொன்னதைக் கொஞ்சம் பொறுமையாக எழுதிப் பார்க்கிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கால்பந்துக் கட்சி.

சார்ட்டைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பத்து இருபது ரூபாய்க்கு வரிசையும் பெயர்களும் மனத்தில் பதிந்துவிடும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதிலும் பாதி வேலை முன்பே முடிந்திருக்கிறது. செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்று ஐந்து கோள்களைக் கிழமைகளாக மழலையிலேயே ஒப்பித்துவிடுகிறார்கள். வாங்கும்போது எண்ணிப் பார்த்து வாங்குங்கள். புளூட்டோ குறுங்கோள் என்று 2006இலேயே முடிவாகிவிட்டது, ஆனால் எங்கள் கடைத்தெருவில் ஒன்பது கோள் சார்ட்டுகள் இன்னும் சுருட்டிக் கிடக்கின்றன. (என் மாமியாருக்கு அந்த ஒன்பதில் குறை தெரியவில்லை. கோயிலில் எண்ணினாலும் ஒன்பதுதானே என்றார். அதில் சூரியனும் சந்திரனும் உண்டு, நாம் நிற்கிற பூமி இல்லை என்று மகள் விளக்கப் போக, அன்றைய மாலை அதிலேயே கழிந்தது.)

தெர்மோகோல் மாதிரி பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்ததால் செய்தோம். உருண்டை, போஸ்டர் கலர், கம்பி, அட்டை. சனிக்கு மட்டும் பொன்னிறம் பளபளக்கட்டும் என்று ஸ்ப்ரே பெயின்ட் வாங்கி அடித்தேன். அடித்த இடமெல்லாம் சுருசுருவென்று உள்வாங்கி, ஐந்து நிமிடத்தில் சனிக்கு அம்மை கண்டதுபோல் ஆகிவிட்டது. அந்தப் பெயின்டில் இருக்கும் கரைப்பான் தெர்மோகோலைக் கரைத்துவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு வகையில் அதுவும் அறிவியல் பாடம்தான். கையால் செய்த மகிழ்ச்சி மகளுக்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டே மாதத்தில் அது பீரோ மேல் தூசி படிந்து உட்கார்ந்துவிட்டது. எறியவும் மனம் வரவில்லை, துடைக்கவும் கை வரவில்லை.

செயலிகளில் வானத்தை நோக்கிப் பிடித்தால் எந்தப் புள்ளி எந்தக் கோள் என்று காட்டுகிற வகை உண்மையிலேயே பயன்படும். இன்றும் வைத்திருக்கிறேன். கோள்களைச் சுழற்றிப் பார்க்கிற வகையை மூன்றாம் நாளே மகள் மறந்துவிட்டாள். திருச்சி கோளரங்கம் நன்றாக இருந்தது. குளிர்ந்த இருட்டில் தலைக்கு மேல் நட்சத்திரங்கள் வந்ததும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் "ஓ" என்றார்கள். ஒரு முறை கட்டாயம் கூட்டிப்போங்கள். ஆனால் அங்கே பார்த்ததை வீட்டுக்கு வந்து எதனோடும் பொருத்திப் பார்க்க வழியில்லை.

தொலைநோக்கியில்தான் எனக்குப் பணம் போனது. தீபாவளி போனஸில் எழுபது மில்லிமீட்டர் வில்லை உள்ள ஒன்றை வாங்கினேன். தீபாவளிக்கு வாங்கியது முதல் தவறு. ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் வானம் என்றைக்குத் தெரிகிறது? மூன்று வாரம் பெட்டியிலேயே இருந்தது. மேகம் விலகிய ஓர் இரவு சனியைத் தேடிப் பிடித்தோம். சனி சிக்கியது, வளையம் இல்லை. உருண்டையில் ஊசி செருகியதுபோல் ஒரு கோடு. தொலைநோக்கி பழுது என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் விளங்கியது. ஏறத்தாழ 15 ஆண்டுக்கு ஒரு முறை சனியின் வளையங்கள் நமக்கு விளிம்பை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும். 2025 மார்ச்சில் அப்படி நின்றன; அந்தக் கார்த்திகையிலும் மறுபடி அந்த நிலைக்கு மிக அருகில் வந்திருந்தன. இனிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து 2032 வாக்கில் நன்றாக விரிந்து தெரியும். அண்ணன் மகனுக்கு அப்போது மீசை அரும்பியிருக்கும்.

இதற்கு நடுவே முக்காலி காற்றில் ஆடும். பூமி சுழல்வதால் கோள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர்ந்து வெளியே போய்விடும். வரிசையில் நிற்கிற நான்காவது பிள்ளை கண்ணை வைக்கும்போது அங்கே வெறும் இருட்டுதான் இருக்கும், ஆனால் அது "தெரிகிறது, தெரிகிறது" என்று தலையாட்டும். ஈரக் காற்றில் வில்லையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்க வேண்டும். நிலாவைப் பார்க்க மட்டும் அருமையான பொருள். இதைவிடப் பெரிய தொலைநோக்கி எதையும் நான் கையாண்டதில்லை. அவற்றில் இந்தத் தொல்லைகள் குறையலாம்.

விலையையும் பராமரிப்பையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், மற்ற எல்லாவற்றிலும் எனக்கு உறுத்திய குறை ஒன்றே: அளவு. சார்ட்டில் கோள்கள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததுபோல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இருக்கின்றன. தெர்மோகோலில் பூமி எலுமிச்சை என்றால் சூரியன் சாத்துக்குடி. செயலியில் இன்னும் மோசம், இரண்டு விரலால் கிள்ளி நெப்டியூனை மடிக்கே இழுத்து வந்துவிடுகிறாள். கோளரங்கத்தில் நம்மைத் தூக்கிக்கொண்டு ஒரே நொடியில் வியாழனுக்குப் பக்கத்தில் இறக்கிவிடுகிறார்கள்.

யாரும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. காகிதத்தில் அது முடியாது, அவ்வளவுதான். பூமியை ஒரு மில்லிமீட்டர் புள்ளியாக வைத்தாலே சூரியன் பதினொரு சென்டிமீட்டர் ஆகிவிடும். நெப்டியூனை வரைய காகிதம் முந்நூற்றைம்பது மீட்டர் நீளம் வேண்டும். "படம் அளவுப்படி வரையப்பட்டதல்ல" என்று கீழே பொடி எழுத்தில் போடுவதோடு பதிப்பாளர் கடமை முடிந்துவிடுகிறது. ஆனால் பிள்ளை மனத்தில் படிவது படம், பொடி எழுத்து இல்லை. மங்கள்யான் செவ்வாய்க்குப் போக ஏன் அத்தனை மாதம் எடுத்தது என்று மகள் கேட்டபோதுதான் எனக்கு இது உறைத்தது. அவள் கணக்கில் செவ்வாய் பக்கத்து வீடு.

அதனால்தான் கால்பந்து. செய்முறை இதுதான். பந்தின் விட்டம் 22 சென்டிமீட்டர், அது சூரியன். அப்படி வைத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 63,000 கிலோமீட்டர். மற்றவை எல்லாம் சமையலறையிலேயே கிடைத்தன. புதனுக்கு ஒரு கசகசா. வெள்ளிக்கும் பூமிக்கும் ஆளுக்கொரு பெரிய கடுகு. செவ்வாய்க்குக் கேழ்வரகு. வியாழனுக்கு உருண்டையான சின்ன வெங்காயம். சனிக்குக் கோலிக்குண்டு, காகித வளையத்தோடு. யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் கொண்டைக்கடலை. கசகசாவும் கடுகும் ஒரு தும்மலில் காணாமல் போய்விடும் என்பதால், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளில் செல்லோடேப் போட்டு ஒட்டி, அட்டையைக் குச்சியில் செருகினோம். பூமி அட்டையில் கடுகிலிருந்து ஆறு சென்டிமீட்டர் தள்ளி ரவையில் ஒரு மணி: நிலா. மனிதக் கால் இதுவரை போய் வந்த தூரம் அந்த ஆறு சென்டிமீட்டர்தான்.

எங்கள் ஊர் ஏரிக்கரை முக்கால் கிலோமீட்டர் நேராகப் போகும். அரையாண்டு விடுமுறை முடிகிற வாரம், மார்கழிப் பௌர்ணமியன்று மாலை எட்டுப் பிள்ளைகளோடு போனேன். ஒரு முனையில் செங்கல் மேல் பந்தை வைத்தோம். மகளின் காலடி அறுபது சென்டிமீட்டர். அவள் எண்ணிக்கொண்டே நடந்தாள். பதினைந்தாவது அடியில் புதன். இருபத்தெட்டில் வெள்ளி. முப்பத்தொன்பதில் பூமி. அறுபதில் செவ்வாய். நான்கு குச்சிகளும் ஓரிரு நிமிடத்தில் நட்டாகிவிட்டன, பிள்ளைகள் அடுத்த குச்சியை யார் நடுவது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. எண்பது, நூறு, நூற்றிருபது. "அத்தை, ஏமாற்றுகிறீர்களா?" என்றான் அண்ணன் மகன். நூற்றைம்பதில் சண்டை ஓய்ந்தது. வெங்காயத்தை நட்டது இருநூற்றைந்தாவது அடியில். சனி முந்நூற்று எழுபத்தேழில். அங்கிருந்து யுரேனஸுக்கு, இதுவரை நடந்த அளவு இன்னொரு முறை நடக்க வேண்டும் என்றதும் இரண்டு பேர் உட்கார்ந்தேவிட்டார்கள். எழுநூற்று ஐம்பத்தேழு. கடைசிக் கொண்டைக்கடலையை ஆயிரத்து நூற்று எண்பத்தைந்தில், மதகுக்குப் பக்கத்தில் நட்டோம். திரும்பிப் பார்த்தால் பந்து இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. 1977இல் கிளம்பிய வாயேஜர் 2 விண்கலம் இங்கே வந்து சேர 1989 ஆகிவிட்டது என்றேன். யாரும் "அவ்வளவு நாளா" என்று கேட்கவில்லை. கால்வலி பதில் சொல்லிவிட்டது.

திரும்பும் வழியில்தான் நல்ல கேள்விகள் வந்தன. கரையில் எறும்பு ஒன்று போய்க்கொண்டிருந்தது. இந்த அளவில் ஒளியின் வேகம் நொடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு, கிட்டத்தட்ட அந்த எறும்பின் நடை. பந்திலிருந்து நம் கடுகுக்கு வர எட்டு நிமிடத்துக்கு மேல். அண்ணன் மகன் குனிந்து எறும்போடு கொஞ்ச தூரம் நடந்து பார்த்தான். மங்கள்யான் கணக்கும் அங்கேதான் தீர்ந்தது. கடுகுக்கும் கேழ்வரகுக்கும் இடையே பன்னிரண்டு மீட்டர்தான், ஆனால் அது நேராகப் போகவில்லை. பந்தைச் சுற்றி அரை வட்டம் அடித்து, நூறு மீட்டருக்குப் பக்கமாகப் போய்ச் சேர்ந்தது. 2013 நவம்பர் 5இல் கிளம்பி 2014 செப்டம்பர் 24இல் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தது என்று தேதிகளைச் சொன்னபோது மகள் கையாலேயே அந்த வளைவை வரைந்து பார்த்துக்கொண்டாள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கோள்கள் எப்படி இருக்கும் என்பதை இது காட்டாது. வெங்காயத்தில் வியாழனின் பெரிய செம்புள்ளி இல்லை. சுழற்சி, பருவம், பிறைகள் எதுவும் இதில் வராது. கோள்கள் இப்படி ஒரே நேர்கோட்டில் நிற்பதில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பொய்யை எடுத்துவிட்டு இன்னொன்றை நட்டதாகிவிடும். மூன்றாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகனுக்கு எண்கள் எதுவும் நிற்கவில்லை, தூரம் மட்டும் நின்றது. அதைவிடச் சின்னப் பிள்ளைகளிடம் நான் முயன்றதில்லை. நாற்பது பேர் கொண்ட வகுப்பை ஏரிக்கரையில் கட்டி மேய்ப்பது ஆசிரியர்கள் சொல்ல வேண்டிய கதை. நகரத்தில் இருப்பவர்கள் டென்னிஸ் பந்தைச் சூரியனாக வைத்தால் இருநூற்றுச் சொச்சம் மீட்டரில் நெப்டியூன் வந்துவிடும். ஆனால் பூமி ரவை மணியாகிவிடும், புதனுக்குப் பொருள் தேட வேண்டியிருக்கும்.

பராமரிப்பு என்று பார்த்தால் பந்து விளையாடப் போய்விட்டது, கொண்டைக்கடலை டப்பாவுக்குத் திரும்பி மறுநாள் சுண்டலாகிவிட்டது.

அன்று கடைசியாக நடந்ததை அண்ணனிடம் போனில் சொல்லவில்லை. பந்திடம் திரும்பி வருமுன் பூமிக் குச்சியருகே எல்லாரையும் நிறுத்தினேன். மேற்கே சூரியன் இறங்கிவிட்டது, கிழக்கே நிலா கிளம்பியிருந்தது. கடுகின் இடத்திலிருந்து பார்த்தால் பந்து என்ன அளவு தெரிகிறதோ, அதே அளவுதான் வானத்தில் சூரியன் தெரியும். நிலாவும் ஏறக்குறைய அதே அளவு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பந்தையும் நிலாவையும் மாறி மாறிப் பார்த்தார்கள். முதலில் ஒருத்தரும் நம்பவில்லை. நிலாதான் பெரிது என்றார்கள். பிறகு மகள் கையை நீட்டிச் சுண்டுவிரல் நுனியால் ஒன்றை மறைத்தாள், மற்றதை மறைத்தாள், ஒன்றும் பேசாமல் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், ஒரு மாதமாகத் தொடாத தொலைநோக்கியைத் தானாகவே மாடிக்குத் தூக்கிப் போனாள். நிலாவுக்குக் கீழே பளிச்சென்று நின்ற வியாழனைப் பிடித்து, பக்கத்தில் வரிசையாகச் சின்னப் புள்ளிகள் தெரிகின்றன என்று கூப்பிட்டாள். அவற்றில் எது எவ்வளவு தூரம் என்று கேட்டாள். பெரிய நிலாக்களில் கடைசியான கலிஸ்டோ வியாழனிலிருந்து ஏறத்தாழ 19 லட்சம் கிலோமீட்டர் என்றேன். கீழே இறங்கிப் போய் வெங்காய அட்டையையும் தன் ஜாமெட்ரி ஸ்கேலையும் கொண்டுவந்து, கைப்பிடிச் சுவரில் வைத்து வகுத்துப் பார்த்தாள். முப்பது சென்டிமீட்டர். ஸ்கேல் எட்டவில்லை, பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேல் அது. இன்னொரு முறை தள்ளி வைத்து, முனையில் சாக்பீஸால் ஒரு புள்ளி இட்டாள்.