வீடியோ இ.இ.ஜி. அட்மிஷன்: காசுக்கு ஏற்ற பலன் உண்டா?

மாத்திரைக்கு அடங்காத வலிப்பு என்றால் பெரிய மருத்துவமனைகளில் வீடியோ இ.இ.ஜி.க்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அட்மிஷன் போட்டு, தலையில் எலக்ட்ரோடு ஒட்டி மூளையின் மின் அலைகளையும், கேமராவில் உடல் அசைவையும் ஒரே நேரத்தில் பதியும் சோதனை இது. மூளையில் மின்கோளாறு இல்லாமல் வரும் செயல்சார் வலிப்பை, காக்காய் வலிப்பிலிருந்து பிரித்தறிய இதைவிட நம்பகமான சோதனை கிடையாது. பலன் உண்டு, ஆனால் வழக்கமாக வரும் அதே வலிப்பு கேமராவில் விழ வேண்டும். அரை மணி நேரச் சாதாரண இ.இ.ஜி. இதற்குப் போதாது. அதில் தெரியும் லேசான கூர் அலையை வைத்து ‘எபிலெப்சி’ (காக்காய் வலிப்பு) என்று எழுதிவிட்டால், அந்த முத்திரை அழிய வருடங்கள் ஆகும்.

தலைக்கு எண்ணெய் வைக்காமல், ஷாம்பூ போட்டுக் குளித்துவிட்டுப் போங்கள். எண்ணெய் இருந்தால் எலக்ட்ரோடு ஒட்டாது. வலிப்பு வந்ததும் துணைக்கு இருப்பவர் பட்டனை அழுத்தி, போர்வையை விலக்கிவிட்டு ஒதுங்க வேண்டும். சொந்தபந்தம் கட்டிலைச் சூழ்ந்தால் பதிவில் முதுகுகள்தான் தெரியும். கையில் சாவிக்கொத்தும் வேண்டாம். நல்ல நர்ஸ் பெயர் கேட்பார், கையைத் தூக்கச் சொல்வார், ஒரு சொல்லைச் சொல்லிவைத்துப் பிறகு அது ஞாபகம் இருக்கிறதா என்று விசாரிப்பார். இது நடக்காத வார்டுக்குப் பாதி மார்க்தான். ஏமாற்றிச் சலைன் ஊசி போட்டு வலிப்பை வரவழைக்கும் இடத்துக்கு அதுவும் இல்லை.

‘வீட்டில் வருவது இதுதானா?’ என்று பதிவைக் குடும்பத்திடம் காட்டிக் கேட்பது கட்டாயம். கண்ணை இறுக மூடுவது, விட்டுவிட்டு உதறுவது, தலை இடவலமாக ஆடுவது, அசைவற்றுக் கிடக்கும்போதும் விழிப்பு நிலையின் ஆல்ஃபா அலை ஓடுவது எல்லாம் செயல்சார் வலிப்பைக் காட்டும் அடையாளங்கள்; எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மூளையின் முன்பகுதியில் கிளம்பும் காக்காய் வலிப்பு (நெற்றிமடல் வலிப்பு) சில சமயம் இ.இ.ஜி.யில் தெரியாது. இரண்டு வகையும் இருப்பவர்களும் உண்டு. அதனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பல இடங்கள் சறுக்குவது டிஸ்சார்ஜ் அன்றுதான். ‘ரிப்போர்ட் நார்மல், டென்ஷன்தான்’ என்றால் நோயாளி காதில் ‘நடிக்கிறாய்’ என்றுதான் விழும். நோயின் பெயர், அது நடிப்பில்லை என்பது, எந்த அடையாளங்களை வைத்து முடிவுக்கு வந்தார்கள் என்பது, மூன்றையும் சொல்லி டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எழுத வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் எமர்ஜென்சிக்குப் போனால், காக்காய் வலிப்பு என்று நினைத்து, வலிப்பை அடக்கும் லோராசெபம் மருந்தை மேலும் மேலும் ஏற்றி, மூச்சு அடங்கி, வென்டிலேட்டர் வரை போவதுண்டு.

செயல்சார் வலிப்புக்கு மனநலச் சிகிச்சையில் ‘பத்து சிட்டிங்கில் குணம்’ என்றால் நம்ப வேண்டாம். பிரிட்டனில் 368 பேரை வைத்து நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (சி.பி.டி. எனும் பேச்சுவழி மனநலச் சிகிச்சை) ஓராண்டு முடிவில் வலிப்பு எண்ணிக்கையைக் கணிசமாகக் குறைக்கவில்லை. அன்றாட வாழ்க்கைதான் மேம்பட்டது. அதுவும் பெரிய விஷயம்தான். பேக்கேஜில் மனநல நிபுணரின் தொடர் சந்திப்பு உண்டா என்பதை அட்வான்ஸ் கட்டும் முன்பே கேளுங்கள்.