கல்லடியில் ஒரு பாஸ்கா விருந்து: தட்டு நன்று, தாள் போதாது

பெரிய வியாழனுக்கு முந்திய கிழமை, மட்டக்களப்பு கல்லடியிலுள்ள சிறிய சமையற்கூடமொன்று எங்கள் இளைஞர் குழுவுக்காக, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து தம் முன்னோர் விடுதலையானதை யூதர் நினைவுகூரும் பாஸ்கா இராவிருந்தைத் தயாரித்து, மண்டபத்துக்கே கொண்டுவந்து பரிமாறியது. தலைக்கு 1,800 ரூபாய். விருந்தின்போது அந்த விடுதலைக் கதையை வாசிப்பதற்கான தாளும் அதற்குள் அடக்கம்.

உணவில் கைப்பக்குவம் தெரிந்தது. புளிப்பில்லாத அப்பத்துக்காகக் கோதுமை மாவைத் தண்ணீரில் மட்டும் குழைத்து, தேங்காய்ப்பூவோ அப்பச்சோடாவோ சேர்க்காமல், விளிம்பு கருகும்படி மெல்லிதாகச் சுட்டிருந்தார்கள். மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டும் என்பது யூத விதி. எகிப்தை விட்டுப் புறப்பட்டவர்களுக்கு மா புளிக்கும்வரை காத்திருக்க நேரமிருக்கவில்லை. கசப்புக் கீரையாகக் குறிஞ்சா இலை வைத்திருந்தார்கள். அடிமை வாழ்வின் கசப்பை எனக்கெதிரே இருந்த பெடியன் தண்ணீர்க் குவளையைத் தேடிய வேகமே விளக்கிவிட்டது. அடிமைகள் குழைத்த சாந்தைக் குறிக்கும் இனிப்பை, காத்தான்குடிப் பேரீச்சம்பழமும் கஜுவும் சேர்த்து இடித்து, விரலில் ஒட்டும் பதத்தில் தந்தார்கள். தட்டில் மிகச் சிறந்தது இதுதான். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்து பாஸ்கா ஆட்டுக்குட்டிப் பலி நின்றுபோனதால் யூதர் அடையாளமாக ஓர் எலும்பை மட்டுமே வைப்பர். இங்கோ ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் வந்தன. கறியில்லாத விருந்தை நம்மூரில் யார் ஒப்புக்கொள்வார்கள்?

குறை, வாசிப்புத் தாளில்தான். எகிப்தை விட்டுப் புறப்பட்ட இரவில் வீட்டு நிலைக்காலில் பூசிய ஆட்டுக்குட்டியின் இரத்தத்திலிருந்து அது நேராக இயேசுவின் கடைசி இராவுணவுக்குத் தாவிவிடுகிறது. இன்றும் யூதர் கைக்கொள்ளும் பண்டிகை இது என்ற ஒரு வரிகூட இல்லை. பசித்தோர் எல்லாரும் வந்து உண்ணட்டும் என்ற தொடக்க அழைப்பு இல்லை. எகிப்தியரைத் தாக்கிய பத்து வாதைகளுக்கும் திராட்சரசக் கிண்ணத்திலிருந்து ஒவ்வொரு துளியாக எடுத்துவிட்டு, எதிரியின் துன்பத்துக்காகத் தம் மகிழ்ச்சியைக் குறைத்துக்கொள்ளும் வழக்கமும் இல்லை. அடிமைகளின் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன எகிப்திய அரசன் பார்வோனுக்குப் பணியாத சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவிச்சிகளும், நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்ததால் அந்நியனை ஒடுக்காதீர்கள் என்ற கட்டளையும் இந்த விடுதலைக் கதையைச் சொல்லும் வேதாகம நூலான யாத்திராகமத்திலேயே இருக்க, இவற்றை விட்டால் விடுதலை வெறும் தப்பித்தலாகச் சுருங்கிவிடும். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஓராண்டு நிறைந்த 1969 ஏப்ரல் 4 அன்று, வாஷிங்டன் தேவாலயமொன்றில் யூதரும் கறுப்பினத்தவரும் இதே விருந்துக்கு ஒன்றாக அமர்ந்தது இந்தப் பகுதிகளின் பலத்தில்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுதந்திரர் என்பதைக் காட்ட இடப்பக்கம் சாய்ந்து உண்ணும்படி தாள் எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்க, பரிமாறிய அக்காமார் இருவரும் முடியும்வரை சுவரோரம் நின்றார்கள். கேட்டபோது, அவர்களுக்குத் தட்டு கணக்கில் இல்லை என்றார் உரிமையாளர். ஓடர் கொடுப்பவர்கள் இரண்டு தட்டு கூடுதலாகச் சொல்லி, அவர்களுக்கும் கதிரை போடுங்கள். தாள் வேண்டாமென்றால் தலைக்கு 100 ரூபாய் குறைப்பார்கள்; வாசிப்பை நீங்களே தயாரிப்பது நல்லது.