ஏர் ரைஃபிளுக்கு ஈய பெல்லட்டா, செம்பு பூசியதா, வெள்ளீயமா?

கொழிஞ்சாம்பாறைத் தம்பி ஒருவர் போன வாரம் போன் போட்டு, "ஏனுங்ணா, பாப்பாவுக்கு ரைஃபிள் வாங்கியாச்சு, பெல்லட் ஈயத்துல வாங்கறதா, செம்பு பூசினதா?" என்று கேட்டார். பெல்லட் என்றால் ஏர் ரைஃபிள் காற்றழுத்தத்தால் தள்ளுகிற குட்டி உலோகக் குண்டு. அப்போது அரைகுறையாகத்தான் சொன்னேன். இங்கே முழுசாக எழுதுகிறேன்.

செம்பை முதலில் முடித்துவிடலாம். நிஜத் தோட்டாவுக்குச் செம்பு உறை போட நியாயம் இருக்கிறது. வேகம் கூடக் கூட வெறும் ஈயம் பேரலுக்குள் இழுபட்டு ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் 1882இல் செம்பு உறை போட்ட தோட்டாவைச் செய்தார். தோட்டாவுக்குத் தாங்களே வெடிமருந்து நிரப்பிச் சுடுகிற வெளிநாட்டுக்காரர்கள் வார்த்த ஈயமா உறை போட்டதா என்று இன்றும் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் இந்த வேகத்தை வைத்துத்தான். 10 மீட்டர் தூரத்து டார்கெட்டைச் சுடுகிற நம்ம ஏர் ரைஃபிளில் பெல்லட் போவதே வினாடிக்கு 170 மீட்டர் வாக்கில், மருந்தும் இல்லை, அந்தச் சூடும் இல்லை, அப்புறம் எதற்கு அந்தப் பளபளப்பு? பேரல் தேய்ந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவதும் சரியில்லை, ஸ்டீலைவிடச் செம்பு மென்மையானதுதான். ஆனால் என் பேரலில் செம்பு பூசியதன் குரூப், அதாவது டார்கெட்டில் ஓட்டைகள் பரவுகிற அகலம், ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு விரிந்தது, ஈயத்தில் எல்லாமே ஒரே ஓட்டையாக விழுந்தது. அவ்வளவுதான், செம்பைத் தொடுவதை விட்டுவிட்டேன்.

ஈயத்தின் அருமை அதன் மென்மையில் இருக்கிறது. காற்று பின்னாலிருந்து தள்ளும்போது பெல்லட்டின் பின்பக்க மெல்லிய விளிம்பான ஸ்கர்ட் விரிந்து, பேரலுக்குள் திருகாக வெட்டியிருக்கும் ரைஃப்ளிங்கைக் கவ்விக்கொள்ளும், காற்று கசியாது. நடுப் புள்ளி அரை மில்லிமீட்டர்தான் இருக்கிற டார்கெட்டில் இந்தக் கவ்வல்தான் பாயின்ட்டைத் தீர்மானிக்கிறது.

ஆனால் அதே மென்மைதான் என்னை வருஷக்கணக்காகப் படுத்துகிறது. கூரியரில் வரும் டின்னைத் திறந்தால் ஸ்கர்ட் நசுங்கிய பெல்லட் கண்டிப்பாக இருக்கும். வெள்ளைத் துணியில் கொட்டி, விரலால் லேசாக உருட்டிப் பார்ப்பேன். நல்லது ஒரே சீராக வளைந்து உருளும், நசுங்கியது தத்தித் தத்தி நிற்கும். ஒவ்வொரு டின்னிலும் இந்தப் பொறுக்கல் வேலை. கொடுத்த காசில் ஒரு பங்கு கழிவுக்கே போகிறது. மூடிக்குக் கீழே ஒரு நல்ல ஸ்பாஞ்ச் வைத்தால் பாதி நசுங்கல் நின்றுவிடும், அதைக்கூட ஒழுங்காக வைக்காத டின்களுக்கு இந்த விலை எதற்கு? பொறுக்கி முடித்ததும் விரல் நுனியில் கறுப்பு ஏறியிருக்கும். அதைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது.

வெள்ளீயம் கை கறுக்காது, சட்டென்று நசுங்காது. எடை குறைவு, ஈயம் 0.53 கிராம் என்றால் இது 0.36 பக்கம். அந்த எடைக் குறைவை ஆடி மாதத்தில் எங்கள் தென்னந்தோப்பில் நின்று சுட்டால் தெரியும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று 25 மீட்டருக்குள்ளேயே பெல்லட்டை ஓரமாகத் தள்ளிவிடும். ஸ்பிரிங் விசையில் பிஸ்டன் பாய்ந்து காற்றை அழுத்துகிற ஸ்பிரிங் துப்பாக்கியில் லேசான பெல்லட் போட்டால் பிஸ்டனும் தடாலென்று போய் மோதும். விலையும் கூடுதல்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பாப்பாவுக்கு வெள்ளீயத்தையே வாங்கச் சொல்கிறேன். நான் ஈயத்தை விடமாட்டேன், குறி துல்லியம் என்று பார்த்தால் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் குழந்தை உடம்பில் ஈயம் இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்து வயசுப் பிள்ளை பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு லோடு பண்ணும், நானே பார்த்திருக்கிறேன். மூடிய அறையில் 10 மீட்டரில் சுடுகிற வரைக்கும் காற்றுத் தொல்லையும் இல்லை. ரெண்டு பாயின்ட் குறைந்தால் குறையட்டும். போட்டிக்கு என்று போகும்போது கோச் ஈயத்தைக் கையில் கொடுப்பார், அதற்குள் கை கழுவுகிற பழக்கமும் வந்திருக்கும்.