மாம்பழம் எடுக்க மூக்கா, விரலா?

கிருஷ்ணகிரியில் மே, ஜூனில் பழக்கடை முன்னால் இரண்டு வகை ஆட்கள் நிற்பார்கள்: முகர்ந்து எடுப்பவர், அழுத்தி எடுப்பவர்.

அல்போன்சா, செந்தூரா, பங்கனப்பள்ளி என்றால் மூக்கை நம்பலாம். முகர வேண்டிய இடம் காம்படி; நடுத்தோலில் வாசம் குறைவு. இனிப்பு வாசம் தூக்கினால் இன்றே நறுக்கலாம். சாராய நெடி அடித்தால் உள்ளே நொதித்துவிட்டது. தோல் முழுக்க ஒரே மஞ்சள், காம்படியில் வாசமே இல்லை என்றால் கார்பைடு கல் வைத்த பழமோ என்று சந்தேகப்படுங்கள். கல் தோலை மஞ்சளாக்கும், முற்றாத காய்க்கு இனிப்பு ஏற்றாது. ஃப்ரிட்ஜில் இருந்த பழத்தை உடனே முகர்ந்து பயனில்லை, குளிர் வாசத்தை அடக்கிவிடும்.

செந்தூராவின் சிவப்பைப் பார்த்து மட்டும் எடுக்காதீர்கள். காயிலேயே சிவப்பு ஏறியிருக்கும்.

கிளிமூக்கு என்கிற பெங்களூரா ரகத்திடம் மூக்கு தோற்கும். மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு லோடு லோடாகப் போகும் இந்தப் பழத்துக்கு வாசம் இயல்பிலேயே மந்தம். பழுத்த பிறகும் தோலில் பச்சை ஓடும். இங்கே விரல்தான். பெருவிரல் சதையால் காம்புக்குப் பக்கத்தில் லேசாக அழுத்துங்கள். அமுங்கி மீண்டால் பதம், குழி அப்படியே நின்றால் பதம் தாண்டிவிட்டது. நகம் படக்கூடாது. அழுத்திய இடம் மறுநாள் கறுக்கும். கடைக்காரர் முறைப்பது சும்மா இல்லை.

அல்போன்சாவுக்குள் பஞ்சாகிப்போன சதையையும், கொட்டைக்குள் இருக்கும் வண்டையும் மூக்கும் சொல்லாது, விரலும் சொல்லாது. வெட்டித்தான் பார்க்கணும்.