கடைக் கொம்பியூட்டர்களில் சிஸ்மொன், வாசு: இரண்டு வருட அனுபவம்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் எங்கள் கொமினிகேஷன் கடை. ஏழு கொம்பியூட்டர். பெறுபேறு பார்க்க, வேலைக்கு விண்ணப்பம் போட என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பிரவுசரை விட்டு வெளியே போவதே இல்லை. வில்லங்கம் வந்தாலும் அந்த வழியால்தான் வரும் என்று எல்லாவற்றிலும் சிஸ்மொனைப் போட்டு (விண்டோஸில் நடப்பதை லொக்காக எழுதிவைக்கும் மைக்ரோசொஃப்ட் கருவி), 8 ஜிபி ராம் உள்ள மெஷின் ஒன்றில் வாசு மனேஜரை ஏற்றினேன் (எல்லா மெஷின் லொக்கையும் ஓரிடத்தில் சேர்த்து அலேர்ட் தரும் மென்பொருள்). இரண்டும் இலவசம். (போனில் நான் வாசு, வாசு என்று கதைப்பதைக் கேட்டு, கடையில் புதுப் பெடியன் ஒருவன் நிற்கிறான் என்றுதான் அம்மா நினைத்திருந்தார்.)

மற்ற மெஷின்களிலிருந்து மனேஜருக்கு லொக்கை அனுப்பும் வாசு ஏஜென்டைப் போட்டவுடன் சிஸ்மொன் லொக் தானாக வராது, கொன்பிக் பைலில் நாமே சேர்க்க வேண்டும். அது தெரியாமல் இரண்டு கிழமை வெறும் டாஷ்போர்டைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தேன்.

நான் நம்பியிருந்தது ஒரே ஒரு விதியை. புதிய புரொசெஸ் தொடங்கும்போது சிஸ்மொன் எண் 1 என்று ஒரு பதிவு போடும். அதில் தாய் (தொடக்கிவிட்ட புரொகிராம்) குரோமாகவும் பிள்ளை கட்டளைகளை ஓட்டும் சிஎம்டி அல்லது பவர்ஷெல்லாகவும் இருந்தால் அலேர்ட் வரும். வெப் பக்கம் ஓடுவது சாண்ட்பொக்ஸ் என்ற வேலிக்குள், அங்கிருந்து தன்பாட்டில் வேறு புரொகிராமைக் கிளப்ப முடியாது, கிளப்பினால் வேலி பாய்ந்துவிட்டது என்று அர்த்தம் என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் அலேர்ட் வந்தபோது நெஞ்சு திக்கென்றது. நெட்வேர்க் வயரைக் கழற்றிவிட்டு ஆறுதலாக கட்டளை வரியை வாசித்தால், யாரோ போட்ட டவுன்லோட் மனேஜர்! அதன் எக்ஸ்டென்ஷன் தன் உதவிப் புரொகிராமோடு கதைக்க குரோமே சிஎம்டி வழியாக அதைக் கூப்பிட்டிருக்கிறது, நேட்டிவ் மெசேஜிங் என்று பெயர். சினத்தில் குரோமின் கீழ் வரும் சிஎம்டி எல்லாவற்றையும் விலக்கிவிடாதீர்கள், அந்த ஒரு பைலின் முழுப் பாதையை மட்டும் விலக்குங்கள்.

உண்மையான ஆபத்து வந்த அன்று என் விதி வாயே திறக்கவில்லை. "அண்ணா, கறுப்பாக ஒன்று வந்திட்டு உடனே போயிட்டுது, ஏன்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். மனிதர்தானா என்று சோதிக்கிற மாதிரி ஒரு பக்கம், விண்டோஸ் கீயோடு R எழுத்தை அமத்து, பேஸ்ட் பண்ணு, என்டர் தட்டு என்று சொல்லியிருக்கிறது, அவளும் செய்திருக்கிறாள். அப்படிச் செய்தால் பவர்ஷெல்லின் தாய் குரோம் இல்லை, விண்டோஸ் டெஸ்க்டொப்பை நடத்தும் எக்ஸ்புளோரர். லொக்கில் எல்லாம் கிடந்தது: நீளமான குழப்பக் கட்டளை, அடுத்ததாக எண் 22-இல் (மெஷின் தேடிய இணையப் பெயர்களின் பதிவு) கேள்விப்படாத ஒரு டொமைன். அவள் கேட்டிருக்காவிட்டால் நான் பார்த்தே இருக்கமாட்டேன். டிஸ்க்கை முழுதாக அழித்து விண்டோஸைத் திரும்பப் போட்டேன். இப்போது எக்ஸ்புளோரரின் கீழ் வரும் பவர்ஷெல்லுக்கும், விண்டோஸ் கீயும் R-உம் அமத்த வரும் ரன் பெட்டியில் எழுதியது பதிவாகும் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் அமைப்புகளின் சேமிப்பு) இடத்துக்கும் தனித் தனி விதி இருக்கிறது.

இன்னொன்று. 2023 செப்டெம்பரில் வெளியான, பிரவுசர்கள் வெப்பி படங்களைக் காட்டப் பயன்படுத்தும் லிப்வெப்பி என்ற மென்பொருளின் ஓட்டை (சிவிஇ-2023-4863 என்பது அதன் பதிவு எண்), படத்தைப் பிரித்து வாசிக்கும் இடத்திலேயே இருந்த பிழை. அந்த மாதிரி மெமரிக்குள் நடக்கிற வேலை சிஸ்மொனின் கண்ணில் படாது, அதற்குப் பிறகு நடப்பதுதான் படும். அதனால் இப்போது நான் காலையில் முதலில் திறப்பது அலேர்ட் பக்கத்தை இல்லை, எந்த மெஷினில் எந்த பிரவுசர் பதிப்பு என்று வாசு காட்டும் பட்டியலைத்தான். விண்டோஸ் 7 மெஷின்கள் இரண்டு குரோம் 109-இலேயே நின்றுவிட்டதைக் கண்டது அப்படித்தான். ஒன்றில் லினக்ஸ் மின்ட் போட்டாயிற்று, மற்றது வயர் கழற்றி பிரின்ட் எடுக்க மட்டும்.