'ஹேங்ட்' எழுதுவதா, 'ஹங்' எழுதுவதா?

ஆங்கிலத்தில் 'ஹேங்' (hang, தொங்கு) என்ற வினைக்கு இறந்தகால வடிவம் இரண்டு: 'ஹேங்ட்' (hanged), 'ஹங்' (hung). பழைய ஆங்கிலத்தில் இருந்த 'ஹோன்' (தொங்கவிடு), 'ஹாங்கியன்' (தொங்கு) என்ற இரு வினைகளோடு நோர்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) மொழிச் சொல்லும் கலந்ததன் விளைவு இது.

வயது: 'ஹேங்ட்' மூத்தது. 'ஹங்' 16-ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்துப் பேச்சிலிருந்து பரவியது.

பொருள்: 'ஹேங்ட்' தூக்குத் தண்டனைக்கும் தூக்கிட்டு இறப்பதற்கும் மட்டும். சட்டமொழி எளிதில் மாறாது. தீர்ப்பு வாசகத்தில் ஒட்டிக்கொண்டு பிழைத்த வடிவம். மற்ற எல்லாவற்றுக்கும் 'ஹங்': படம், துணி, திரைச்சீலை, அசையாமல் நின்றுவிட்ட கணினி. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத 'ஹங் பார்லிமென்ட்'டும் இதில்தான். நம் செய்தித்தாள்களின் 'தொங்கு நாடாளுமன்றம்' அதன் நேர் மொழிபெயர்ப்பு.

பிழை: படத்தை 'ஹேங்ட்' என்றால் சிரிப்பார்கள். கைதியை 'ஹங்' என்றால் பேச்சில் பலர் கண்டுகொள்ள மாட்டார்கள், ஆனால் பத்திரிகை ஆசிரியர் திருத்துவார்.

மரண தண்டனை பற்றிய செய்தி, வரலாற்றுக் கட்டுரை, தற்கொலைச் செய்தி என்றால் 'ஹேங்ட்'. சந்தேகம் வந்தால், தொங்கியது உயிர்போகவா என்று கேளுங்கள், இல்லையென்றால் 'ஹங்'.