யுனிக் ஃபீஜோவா: வேலிக்கும் ஆகும், பழத்துக்கும் ஆகும்

ஆக்லாந்தில் வீட்டு வேலியோரம் வைக்க 'யுனிக்' ரக ஃபீஜோவா வாங்கினேன். பைனாப்பிள் கொய்யா என்றால் நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும். பல ரகங்கள் நன்றாகக் காய்க்கப் பக்கத்தில் இன்னொரு ரகம் வேண்டும். இது தனியாக நின்றே காய்க்கும். சின்னத் தோட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

அழகுக்கும் குறையில்லை. இலையின் அடிப்பக்கம் வெள்ளி நிறம், பூவின் நடுவே சிவப்புக் குஞ்சம். தடித்த இதழ்கள் தித்திக்கும். அதைத் தின்ன வரும் மைனா போன்ற பறவைகளாலும் மகரந்தச் சேர்க்கை நடக்கிறது. நானும் அவற்றோடு போட்டிக்கு நிற்கிறேன்! இதழை மட்டும் பக்குவமாகக் கிள்ளினால் காய்ப்பு கெடாது.

பழுத்தால் தானாக விழும். குறுக்கே வெட்டி ஸ்பூனால் வழித்துச் சாப்பிட வேண்டியதுதான். இலையுதிர் காலத் தொடக்கத்திலேயே கிடைத்துவிடும்.

செடி விற்ற நர்சரி மீதுதான் வருத்தம். வேர் தொட்டிக்குள் சுற்றிக் கிடந்தது. நியூசிலாந்தின் இந்த வட பகுதியில் பழத்தில் புழு வைக்கும் கொய்யா அந்துப்பூச்சி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள். செடிக்கு ஐந்துக்கு நாலரை, கடைக்கு மூன்று.